குளிரில் சுடாத துப்பாக்கி

அத்தியாயம் 7

மேஜை மேல் கிடந்த துப்பாக்கியைப் பார்த்ததும் பிச்சுமணிக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு மனிதனின் உயிரைக் குடித்த ஆயுதம் என்றால் ஒரு மிடுக்கு வேண்டாமா? இது பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து விழுந்த சாமான் மாதிரி இருந்தது. கட்டையில் பாலிஷ் போயே போய்விட்டது, குழலில் கறுப்பு வெளுத்துவிட்டது. கழுத்தில் கட்டியிருந்த ஷெரீஃப் ஆபீஸ் சீட்டு ஒன்றுதான் புதுசு.

“இதை வச்சு ஒருத்தரைச் சுட்டதா சொன்னா, துப்பாக்கியே சிரிக்கும் அக்கா,” என்றான்.

துப்பறியும் மரகதம் சிரிக்கவில்லை. அவள் ஈரோட்டுக்காரி. டாலஸில் கிரிமினல் வக்கீல் லாங்குக்காகத் தகவல் தோண்டிக் கொடுப்பவள், டெக்ஸஸ் அரசாங்கத்தின் லைசென்ஸ் வைத்திருப்பவள், வேலை நேரத்தில் சிரிப்பதை ஒரு கொள்கையாகவே விட்டுவிட்டவள். பிச்சுமணி அவளுக்கு டிரைவர், வீடியோ காமிரா தூக்குபவன், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுபவன். அவனைச் சென்னையிலிருந்து வரவழைத்த கம்பெனி எந்தப் ப்ராஜெக்ட்டிலும் போடாமல் ‘பெஞ்ச்’சில் உட்கார்த்தி வைத்திருந்தது. விசா சட்டப்படி வேறு வேலை செய்து சம்பளம் வாங்கக் கூடாது. அதனால் மரகதம் சம்பளம் தருவதில்லை, மதியச் சாப்பாடு போடுகிறாள். ரசம் சாதத்துக்கு வரி கிடையாது என்பது பிச்சுமணியின் சட்ட அறிவு.

கேஸ் இதுதான். காப்பெல்லில் குடியிருக்கும் கோபாலசாமி, ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் இன்ஜினீயர். அவருடைய மேனேஜர் நஞ்சுண்டன், அதே பொள்ளாச்சிப் பக்கத்து மனிதர். ஜனவரியில், பொங்கலை ஒட்டி வந்த சனிக்கிழமை, நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் டெக்கேட்டருக்குப் பக்கத்தில் ஒரு காலி நிலத்துக்குப் போய் கேஸ் அடுப்பில் பொங்கல் வைத்தன. காராஜ் சேலில் வாங்கிய இந்தப் பழைய துப்பாக்கியைக் கோபாலசாமி கொண்டு போயிருந்தார், கோக் டின்களை வரிசையாக வைத்துச் சுட்டு விளையாடலாமென்று. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க விசையை இழுத்தார். ‘க்ளிக்’ என்றது, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப இழுத்தும் சுடவில்லை. எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அப்புறம் ஓடைப் பக்கம் நடக்கப் போன நஞ்சுண்டன் திரும்பி வரவில்லை. அது வேட்டைக்காரர்கள் நடமாடும் இடம், தூரத்தில் கேட்ட வெடிச் சத்தத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. மார்பில் ஒரு சின்னக் குண்டோடு மரத்தடியில் கிடந்தார்.

குண்டு ஈயக் குண்டு, எலும்பில் பட்டு நசுங்கி விட்டதால் எந்தத் துப்பாக்கியில் இருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே ரகக் குண்டு போடும் துப்பாக்கி அங்கே ஒன்றுதான் இருந்தது. போதாக்குறைக்கு, முந்தின வாரம்தான் நஞ்சுண்டன் கோபாலசாமியை வேலையிலிருந்து எடுத்திருந்தார். வேலை போனால் விசா போகும், கிரீன் கார்டு அப்ளிகேஷனும் போகும். காரணம் ஆச்சு, ஆயுதம் ஆச்சு, ஆளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். கோபாலசாமி சொன்னது ஒரே ஒரு வார்த்தை: அன்றைக்கு என் துப்பாக்கி சுடவே இல்லை. ஆனால் போலீஸ் லேபில் அது ஒவ்வொரு தடவையும் பிசகாமல் சுட்டது. திங்கட்கிழமை ஜாமீன் விசாரணை. அதில் நீதிபதிக்கு நம்பிக்கை வராவிட்டால், மனிதர் வெளியே வருவதற்குள் தலை நரைத்துவிடும்.

பொங்கலன்று முரண்டு பிடித்த துப்பாக்கி லேபில் ஏன் சொன்னபடி கேட்டது? மரகதம் கையில் வைத்திருந்த துப்பு அது ஒன்றுதான்.

ஷெரீஃபின் ஆள், டெபுடி ராய் என்ற பெரிய உடம்புக்காரர், துப்பாக்கியை வெளியே இருந்த தகர ஷெட்டிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்திருந்தார். மரகதம் கையுறை மாட்டிக்கொண்டு மேலே இருந்த, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைப் பின்னால் இழுத்தாள். கிண்டும்போது இறுகிப்போன அல்வா மாதிரி அது மெல்ல, மனசில்லாமல் வந்தது. பழைய துப்பாக்கி அம்மா, கொஞ்சினால்தான் வரும் என்று டெபுடி ஆங்கிலத்தில் சமாதானம் சொன்னார்.

“எங்க மேனேஜர் மாதிரி,” என்று பிச்சுமணி தமிழில் முணுமுணுத்தான்.

இந்த ரகத் துப்பாக்கி மக்கர் பண்ணினால் பார்க்க வேண்டிய இடங்கள் அதிகமில்லை. மரகதம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தோட்டாக்கள் அடுக்கும் பெட்டியின் உதடு வளைந்திருந்தால் அடுத்த தோட்டா சரியாக ஏறாது. வளையவில்லை. காலிக் கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி மழுங்கியிருந்தால் கூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கொக்கி கூர்மையாகத்தான் இருந்தது. சுருள் கம்பி தளரவில்லை, குழலின் வாய் அழுக்கடையவில்லை. வயசான துப்பாக்கிதான், ஆனால் யாரோ ஒருவர் அதை ஆசையாகப் பராமரித்திருக்கிறார்.

சும்மா ஒரு தடவை விசையை இழுத்துப் பார்க்கலாமே என்றான் பிச்சுமணி. கூடாது என்று மரகதம் தடுத்தாள். உள்ளே ஒன்றும் இல்லாமல் இழுத்தால், தோட்டாவை அடிக்கும் ஊசி நேராகக் குழலின் விளிம்பில் அடித்து அதைக் கெடுத்துவிடும். இதில் போடும் தோட்டாவுக்கு மருந்து நடுவில் கிடையாது, விளிம்பில்தான். ஊசி விளிம்பைப் பலமாக நசுக்கினால் வெடிக்கும். மெத்தென்று தட்டினால் ஊமையாகிவிடும். அவள் கொண்டு வந்திருந்த சுட்டுத் தீர்ந்த காலிக் கூடு ஒன்றை உள்ளே போட்டு விசையை இழுத்தாள். எடுத்துப் பார்த்தால் விளிம்பில் ஆழமான புதுப் பள்ளம். இப்போது போல்ட்டும் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் அல்வாவாக இருந்ததா இது?

மரகதம் குனிந்து முகர்ந்தாள். பிறகு டெபுடியிடம், வாசனை ஏதாவது தெரிகிறதா என்று கேட்டாள். தெரியாமல் என்ன, லேபிலேயே எல்லாரும் கேலி செய்தார்கள் என்றார் அவர். கடற்கரைக்குப் போகும்போது வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் லோஷன் வாசனையாம். யாரோ இந்தத் துப்பாக்கியை கால்வெஸ்டன் பீச்சுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

பிச்சுமணியும் முகர்ந்தான். அவனுக்குப் பீச் ஞாபகம் வரவில்லை. திங்கட்கிழமை காலை, ஸ்கூல் பிரேயர், முன் வரிசையில் எண்ணெய் வழியும் மண்டைகள், இவைதான் ஞாபகம் வந்தன.

“அக்கா, இது தேங்கா எண்ணெய்.”

“ஆமாம். இப்ப இதை வெளியே கொண்டு போகலாம்.”

கோர்ட் உத்தரவில் துப்பாக்கியை இயக்கிப் பார்க்க அனுமதி இருந்தது, எங்கே வைத்து என்று எழுதவில்லை. டெபுடிக்கும் பொழுது போகவில்லை. அவருடைய டிரக்கின் பின்பக்கம் துப்பாக்கி படுத்துக் கிடந்தது. வெளியே முந்தின நாள் பெய்த ஐஸ் மழை இன்னும் கரையாமல் புல்லில் கண்ணாடிபோல ஒட்டியிருந்தது. மூவரும் காபி குடித்துக்கொண்டே காத்திருந்தார்கள். பிச்சுமணி காமிராவைத் தோளில் வைத்துக்கொண்டு நடுங்கினான். அதன்பின் மரகதம் போல்ட்டை இழுத்தாள். மறுபடியும் அல்வா. காலிக் கூட்டை வேறு பக்கமாகத் திருப்பிப் போட்டு விசையை இழுத்தாள். விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு, அவ்வளவே. போல்ட்டின் பின்பக்கத்தில் எண்ணெய் வெள்ளையாக மெழுகு போல உறைந்திருந்தது. அதை டெபுடியே விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். உள்ளே கொண்டு போய்ச் சூடு ஏறியதும் மறுபடி ஆழமான பள்ளம்.

குளிரில் ஊசி எண்ணெய்க்குள் மாட்டிக்கொள்கிறது, ஹீட்டர் போட்ட லேபில் சுதந்திரமாக ஓடுகிறது. பொங்கலன்று காலையும் இதே குளிர்தான். உலகத்தில் வேறு எந்த ஜாதி மனிதனும் துப்பாக்கிக்கு இந்த எண்ணெயைப் போட்டிருக்க மாட்டான், வேறு எந்த ஜாதிக்காரியும் மோந்து பார்த்தே கண்டுபிடித்திருக்கவும் மாட்டாள். பிச்சுமணிக்கு அந்த இடத்திலேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. வக்கீல் லாங் போனில் இரண்டு தடவை தேங்காயா தேங்காயா என்று கேட்டார். இதை வீடியோவில் காட்டினால் திங்கட்கிழமை நான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்றார். ஒன்று மட்டும் பாக்கி. எண்ணெய் போட்டது பொங்கலுக்கு முன்னால்தான் என்று கோபாலசாமியின் மனைவியிடம் ஒரு வாக்குமூலம் வேண்டும்.

காப்பெல் போகும் ஃப்ரீவே முழுக்கப் பிச்சுமணி வாய் ஓயவில்லை. தேங்காய் எண்ணெய் மகாத்மியத்தில் இறங்கிவிட்டான். உறைந்துபோன தன் எண்ணெய் பாட்டிலை மைக்ரோவேவில் வைத்து, பாட்டிலே உருகிச் சப்பையாகி, ரூம்மேட்டிடம் வாங்கிய திட்டை ராகம் போட்டுச் சொன்னான்.

மரகதம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். “உறைஞ்ச எண்ணெயை நீ அப்படியே விட்டுட்டு ஆபீஸ் போனதுண்டா?”

“எப்படி விடறது? தலை என்னத்துக்கு ஆகும்?”

“அதான்,” என்றாள். அதற்கு மேல் வீடு வரும்வரை பேசவில்லை. பிச்சுமணி அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டான்.

கோபாலசாமியின் மனைவி நாகரத்தினம் கதவைத் திறந்தபோது கையில் மாவு. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். பொங்கலன்று கூட வந்த குடும்பங்கள் ஒன்றுகூட அதன்பின் இந்தப் படியை மிதிக்கவில்லை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடைக்குப் போவதென்றால் அபார்ட்மெண்ட் மேனேஜர் கிழவியிடம்தான் கெஞ்ச வேண்டும். வாரம் ஒருமுறை மரகதம் கூட்டிப் போனால் உண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புருஷனைப் பார்த்துவிட்டு வருவாள். மற்றபடி போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவள் வாழ்க்கை.

அவளைப் பார்த்ததும் பிச்சுமணியால் அடக்க முடியவில்லை. மரகதம் வாயைத் திறப்பதற்குள், “எண்ணெய் மேட்டராலயே சார் வெளிய வரப் போறாருங்க,” என்று கொட்டிவிட்டான்.

நாகரத்தினம் அப்படியே சோபாவில் உட்கார்ந்து அழுதாள். நல்ல அழுகை. பிச்சுமணிக்கே கண் கரித்தது. மரகதம் அவளைத் தட்டிக்கொடுத்து, பேனாவைத் திறந்து, எண்ணெய் எப்போது போட்டது என்று கேட்டாள். தீபாவளிக்கு முன்னாலேயே என்றாள் நாகரத்தினம். ஊரில் இருந்து வந்த ஆட்டின எண்ணெய், பெரிய டின்னில் இருந்தது. கதவுக் கீலிலிருந்து தையல் மெஷின் வரைக்கும் பொள்ளாச்சி வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். வீட்டு எண்ணெய் இருக்கும்போது கடையில் எதற்கு வாங்கணும் என்று அவரே போட்டுத் துடைத்தாராம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைப்பாராம். மரகதம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கேட்டது கிடைத்துவிட்டது, எழுந்துவிடலாம். பிச்சுமணி கார் சாவியைக்கூட எடுத்துவிட்டான்.

மரகதம் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு உறைந்து போயிற்றே, அப்புறம் என்ன செய்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

நாகரத்தினத்தின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்தது. “அதையுஞ் சொல்லிப்போடறனுங்க. எண்ணெய்னாலதான் வர்றாருங்கறப்ப இனி என்னங்க வெக்கம்? அத்தனை பேரும் சிரிச்சுப்போட்டாங்க. நஞ்சுண்டண்ணன் வேற, ஆபீஸ்லயும் நீ இப்படித்தான்டான்னு சொல்லிப்போட்டாரு. இவரு மொகத்தைப் பாக்க முடியலீங்க. நாந்தானுங்க துப்பாக்கிய எடுத்துட்டுப் போயி, காருக்குள்ள ஹீட்டரைப் போட்டு, அதுக்கு முன்னால வெச்சேன். குளிர் காலத்துல எண்ணெய் டப்பாவை அப்படித்தானுங்க நாங்க வெப்பம். சித்த நேரத்துல உருகிப்போச்சு. அவருகிட்டக் குடுத்தேன். டின்னு சுட்டுப் பாக்கறேன்னு ஓடைப்பக்கம் போனாருங்க.”

மரகதத்தின் பேனா நின்றது.

“சத்தம் கேட்டுதுங்களா?” என்றாள் மரகதம்.

“கேட்டுதுங்க. அப்பாடா, சுட்டுப்போட்டாருன்னு எனக்கு அத்தனை சந்தோஷம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அண்ணனுக்குப் பட்டது வேற எவனோ வேட்டைக்காரன் குண்டுங்களாம். அவரே சொன்னாரு. காருல வெச்ச கதைய மட்டும் யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. துப்பாக்கிக்குத் தேங்கா எண்ணெயான்னு வெள்ளக்காரன் சிரிப்பானாமா.”

மரகதம் பேனாவை மூடினாள். பிச்சுமணிக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. துப்பாக்கி அன்றைக்குச் சுட்டிருக்கிறது. ஓடைப் பக்கம்தான் சுட்டிருக்கிறது. காலையில் எல்லார் முன்னாலும் சுடாமல் போனது கோபாலசாமிக்குக் கடவுள் கொடுத்த சாட்சி, அதை வைத்துக்கொண்டு மனிதர் இத்தனை நாளும் எல்லாரையும் சுற்றவிட்டிருக்கிறார். கை தவறி வெடித்ததா, கோபத்தில் குறி பார்த்ததா? அது அவருக்கும் அந்த ஓடைக்கும்தான் தெரியும். கை தவறிவிட்டது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வக்கீல் எப்படியாவது வாதாடியிருப்பார். விசாவுக்குப் பயந்து சொன்ன பொய்யா, கொலையை மறைக்கச் சொன்ன பொய்யா என்று இனி எந்த ஜூரி நின்று பிரித்துப் பார்க்கும்?

இதையெல்லாம் இந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? பிச்சுமணி மரகதத்தைப் பார்த்தான். எதற்கும் வழி வைத்திருக்கும் மரகதம் தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நாகரத்தினத்தின் கையைப் பிடித்து, இனி இந்த விஷயத்தை யாரிடமும், கண்டிப்பாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஆரம்பித்தாள். ஏன் என்று எப்படி விளக்குவது என்று அவள் வார்த்தை தேடுவதற்குள் போன் அடித்தது.

“அவருதானுங்க,” என்று நாகரத்தினம் துள்ளி எழுந்தாள். உங்களிடமும் பேசட்டும் என்று ஸ்பீக்கர் பட்டனை அமுக்கினாள். மெஷின் குரல் ஒன்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தது. கவுண்ட்டி ஜெயிலிலிருந்து ஒரு கைதி கூப்பிடுகிறார், செலவை ஏற்றுக்கொண்டால் சைபரை அமுக்கவும், இந்தப் பேச்சு பதிவு செய்யப்படும். அந்த மெஷின் பேச்சை அவள் ஒரு நாளும் முழுசாகக் கேட்டதில்லை. சைபரை அமுக்கினால் புருஷன் குரல் வரும், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாதியிலேயே அமுக்கினாள்.

மரகதம் மேஜையைத் தாண்டிக் கையை நீட்டினாள். எட்டவில்லை.

“ஏனுங்க, நீங்க வெளிய வர்றீங்களாமா! எண்ணெய் கதைய இவங்களே கண்டுபிடிச்சுட்டாங்க. நானும் மறைக்காமச் சொல்லிப்போட்டனுங்க, துப்பாக்கிய ஹீட்டர்ல வெச்சு உருக்கி உங்க கையில குடுத்தது, நீங்க ஓடைக்கிட்டச் சுட்டது, எல்லாம்…”

மரகதத்தின் விரல் பட்டனைத் தொட்டபோது எதிர்ப்பக்கம் கோபாலசாமியின் குரல் வந்துவிட்டது. கோபமே இல்லாத குரல். “நாகு… அதைச் சொல்லாதேன்னு சொன்னனே.”

இணைப்பு அறுந்தது. லைன் போய்விட்டது என்று மரகதம் பொய் சொன்னாள். மறுபடி கூப்பிடுவார் என்றும், கூப்பிட்டால் அழுதுகொண்டே இருந்தாலும் பரவாயில்லை, அன்றைய தினத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்றும் சொன்னாள். வெட்கப்படுகிறார் என்று சொல்லிக்கொண்டே நாகரத்தினம் கை கழுவி, காபி போட உள்ளே போனாள்.

பிச்சுமணி குரலைத் தாழ்த்தினான். “அக்கா, தமிழ்லதானே பேசினாங்க? ஆயிரம் கால் ரெக்கார்ட் ஆகும், இதை எந்த வெள்ளைக்காரன் கேட்டு என்ன புரிஞ்சுக்கப் போறான்?” அவன் சொன்னது ஜோக் இல்லை, பிரார்த்தனை.

“வெள்ளைக்காரன் எதுக்கு? புரியலைன்னா டேப்பை யார்கிட்ட போட்டுக் காட்டுவாங்க, யோசி.” மரகதம் ஜன்னலுக்கு வெளியே எதிர் வரிசை வீடுகளைப் பார்த்தாள். “நஞ்சுண்டனோட சம்சாரம் அந்தத் தெருவுலதான் இருக்கு. அந்தம்மாவும் பொள்ளாச்சி.”

வக்கீலுக்கு என்ன சொல்வது என்று பிச்சுமணி கேட்கவில்லை. உள்ளிருந்து டம்ளர் சத்தம் வந்தது. நாகரத்தினம் காபியோடு வந்தாள், கையிடுக்கில் மடித்து வைத்த ஒரு நீல ஸ்வெட்டர்.

“அன்னிக்கு மெல்லிசு சட்டையோட கூட்டிட்டுப் போயிட்டாங்க. திங்கக்கிழமை வர்றப்ப குளிருமுங்க. இதைக் கொண்டுட்டு வரட்டுங்களா?”

மரகதம் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“கொண்டு வாங்க,” என்றாள்.